சிக்கானோ ஸ்போக்கன் வேர்ட் கலைஞர் என்றால் யார்? ‘சமூகச் செயற்பாட்டாளர்’ என்று போட்டுக்கொள்வது வெறும் விளம்பரமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் உங்கள் மகள் படிக்கும் கல்லூரிக்கு ஒருவர் நிகழ்ச்சி நடத்த வருகிறார். அறிவிப்பில் அவரை ‘சிக்கானோ ஸ்போக்கன் வேர்ட், ஹிப்-ஹாப் கலைஞர், சமூகச் செயற்பாட்டாளர்’ என்று போட்டிருக்கிறார்கள். சிக்கானோ என்பது மெக்சிகனுக்கு இன்னொரு பெயர்தானே, கவிதை வாசிப்பதும் ராப் பாடுவதும் ஒன்றா, 12 வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில் போகிற போக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: “இப்போதெல்லாம் மைக் பிடிக்கிற எல்லோரும் ஆக்டிவிஸ்ட்தான்.” உங்கள் மனதில் இருக்கும் கேள்வி அந்த வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

நான் கவிஞனும் இல்லை, ஆய்வாளனும் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 19 ஆண்டுகள் பொது நூலகத்தில் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி பதின்வயதினருக்கான நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. இப்படிப்பட்ட கலைஞர்களுக்கு மைக் சரிசெய்து, நாற்காலி அடுக்கி, காசோலை தாமதமானபோது அவர்களிடம் திட்டு வாங்கி, கூட்டம் கலைந்தபின் கார் நிறுத்துமிடத்தில் நின்று பேசிக் கற்றுக்கொண்டதுதான் என் படிப்பு. அதனால் நான் சொல்வது பெரும்பாலும் தென் கலிபோர்னியாவின் கதை. டெக்சஸிலும் நியூ மெக்சிகோவிலும் இதே மரபுக்கு வேறு முகம் உண்டு.

முதலில் பெயர். மெக்சிக வம்சாவளியில் வந்து அமெரிக்காவில் பிறந்தவர் அல்லது வளர்ந்தவர் என்பது சிக்கானோ என்ற சொல்லின் பாதிப் பொருள்தான். மீதிப் பாதி அரசியல். போன வாரம் மெக்சிகோவிலிருந்து வந்திறங்கியவரைச் சிக்கானோ என்று அழைத்தால் அவர் விழிப்பார். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் ஒரு குடும்பத்துப் பாட்டி, “அந்த வார்த்தையை என் வீட்டில் பேசாதே” என்று பேரனை அதட்டியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 1960-களுக்கு முன் அது ஏழைக் கூலிகளைக் கேலியாகக் குறிக்கப் பயன்பட்ட சொல். பாட்டியின் காதில் அந்தக் கேலிதான் இன்னும் ஒலிக்கிறது. பேரனின் தலைமுறைக்கு முன்னால் ஒரு தலைமுறை இளைஞர்கள் அதே சொல்லை எடுத்து மார்பில் குத்திக்கொண்டார்கள். 1970 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்தியில் ரூபன் சலசார் என்ற செய்தியாளர் இதை விளக்க முயன்றார். வெள்ளையர் வைத்த கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்ளாத மெக்சிகன் அமெரிக்கரே சிக்கானோ என்ற பொருளில் எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 29-ல் வியட்நாம் போருக்கு எதிராகக் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடிய பேரணி கலைக்கப்பட்டபோது, ஒரு மதுக்கடைக்குள் உட்கார்ந்திருந்த சலசாரின் தலையில் ஷெரிஃப் துறைக்காரர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு பாய்ந்து அவர் இறந்தார். அதற்காக யார்மீதும் குற்ற வழக்கு நடக்கவில்லை. பேரணி முடிந்த பூங்காவுக்கு இன்று அவர் பெயர். சிக்கானோ கலைஞர் மேடையில் ஆகஸ்ட் 29 என்று சொன்னால், அவையில் பாதிப் பேருக்கு வருடம் சொல்லத் தேவையிருக்காது.

சொல் எங்கிருந்து வந்தது என்பது வேறு. அஸ்டெக்குகள் தங்களைக் குறித்துக்கொண்ட ‘மெஷிக்கா’ என்ற பெயரிலிருந்து வந்தது என்று மேடையில் அடித்துச் சொல்வார்கள். அது அழகான ஊகம். மொழியியலாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அதேபோல, “நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டியது” என்ற முழக்கத்தையும் கேட்பீர்கள். 1848-ல் போருக்குப் பின் போட்ட ஒப்பந்தத்தில் மெக்சிகோ தன் நிலத்தில் ஏறத்தாழப் பாதியை அமெரிக்காவுக்கு இழந்தது உண்மை, கலிபோர்னியா அதில் அடக்கம் என்பதும் உண்மை. ஆனால் இன்று இங்கே இருக்கும் மெக்சிக வம்சாவளியினரில் பெரும்பாலோர் 20-ஆம் நூற்றாண்டில் வந்த குடும்பங்கள். முழக்கத்தை வரலாறாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்து ஸ்போக்கன் வேர்ட். ‘கவியரங்கம்’ என்று மொழிபெயர்த்துக்கொண்டால் தப்பான படம் வரும். இது காகிதத்துக்காக எழுதி மேடையில் வாசிக்கும் கவிதை இல்லை. உரக்கச் சொல்வதற்கென்றே கட்டப்பட்டது. அதில் மூச்சு, இடைவெளி, குரல் ஏற்றம், கைகள் எல்லாம் சேர்ந்துதான் வரி. 1980-களின் நடுவில் சிகாகோவில் மார்க் ஸ்மித் என்ற கட்டிடத் தொழிலாளி தொடங்கிய கவிதைப் போட்டிகள், அதாவது அவையோரே மதிப்பெண் போடும் ‘ஸ்லாம்’கள், இந்தப் பெயரை ஊரெங்கும் பரப்பின. ஆனால் சிக்கானோக்கள் இதைச் சிகாகோவிடமிருந்து கற்கவில்லை. அவர்களுக்கு இது ஒரு லாரியின் பின்தட்டில் பிறந்தது.

1965 செப்டம்பரில் கலிபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலில் இறங்கியவர்கள் லாரி இட்லியாங் தலைமையிலான பிலிப்பினோ தொழிலாளர்கள். பெரும்பாலும் மெக்சிக வம்சாவளியினரைக் கொண்ட, சீசர் சாவேஸ், டொலோரெஸ் ஹுவெர்டா ஆகியோரின் சங்கம் எட்டு நாள் கழித்துச் சேர்ந்தது. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அந்த வேலைநிறுத்தத்துக்குள்தான் லூயிஸ் வால்டெஸ் ‘தியேட்ரோ கம்பெசினோ’ என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். நாடகம் எழுதி வைத்துக்கொள்ளவில்லை, மேடையும் கிடையாது. தட்டை லாரியை வயல் ஓரம் நிறுத்தி, ‘முதலாளி’, ‘கருங்காலி’ என்று அட்டை எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டு, முதலாளிக்குப் பன்றி முகமூடி மாட்டித் தொழிலாளர்களே நடித்தார்கள். உள்ளே வேலை செய்துகொண்டிருப்பவர்களைச் சிரிக்க வைத்து வெளியே இழுப்பதுதான் நோக்கம். நாடகம் நன்றாக இருந்ததா என்பதை விமர்சகர் சொல்லவில்லை. எத்தனை பேர் வயலை விட்டு வெளியே வந்தார்கள் என்ற எண்ணிக்கை சொன்னது. ‘கலைஞர்’, ‘செயற்பாட்டாளர்’ என்று நீங்கள் இரண்டாகப் பிரித்த இடத்தில் அவர்களுக்கு அப்போது பிரிவே இல்லை. இரண்டு ஆண்டு கழித்து, கொலராடோவின் டென்வரில் கார்க்கி கொன்சாலஸ் என்ற முன்னாள் குத்துச்சண்டை வீரர் ஒரு நீண்ட கவிதை எழுதினார். அது கையச்சுப் பிரதிகளாகச் சுற்றிப் பேரணிகளில் உரக்க வாசிக்கப்பட்டது. ஒரு நகரத்தின் சிவில் உரிமை இயக்கத்தை நடத்தியவர் எழுதிய கவிதை அது.

இந்த வரிசையில் நான் அதிகம் மதிக்கும் மனிதர் ராவுல் சலினாஸ். தன் பெயரை இடைவெளியே விடாமல், பெரிய எழுத்தே இல்லாமல் ஒரே சொல்லாக எழுதுவார். 1934-ல் டெக்சஸில் பிறந்தார், ஆஸ்டின் நகரின் கிழக்கே ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தார். 1957 முதல் 1972 வரையிலான காலத்தின் பெரும்பகுதியைச் சிறைகளில் கழித்தார்: சோலடாட், ஹண்ட்ஸ்வில், லெவன்வொர்த், மேரியன். கான்சஸ் மாநிலத்தின் லெவன்வொர்த் மத்தியச் சிறையில் இருந்தபோது, சிக்கானோ கைதிகள் தாங்களே ஒரு பத்திரிகை நடத்தினார்கள். சலினாஸ் அதன் ஆசிரியர்களில் ஒருவர். 1970-ல் வந்த அதன் முதல் இதழில்தான் அவருடைய பேர்பெற்ற நெடுங்கவிதை வெளியானது. தான் வளர்ந்த பகுதி இடிக்கப்பட்டுவிட்டது என்ற நினைவோடு, அதன் தெருக்களையும் பையன்களின் பட்டப்பெயர்களையும் சுவர்க் கிறுக்கல்களையும் சிறையறைக்குள் இருந்தபடி மனத்தால் திரும்பக் கட்டுகிறார். ஊர் போனாலும் பெயர்கள் போகவிடாத ஒரு பட்டியல் அது. இதே சிறையில்தான் 1922-ல் ரிக்கார்டோ புளோரெஸ் மகோன் இறந்தார். மெக்சிகோவின் சர்வாதிகாரத்தை எதிர்த்து ‘ரெஹெனெரசியோன்’ என்ற பத்திரிகை நடத்தி, லாஸ் ஏஞ்சலஸிலிருந்தும் அதை அச்சிட்டவர். இந்த இரண்டு பெயர்களும் ஒரே மதிலுக்குள் வருவதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கும்.

சலினாஸ் வெளியே வந்ததும் புகழ் தேடிப் போகவில்லை. சியாட்டிலில் அமெரிக்கப் பூர்வகுடிகளின் மீன்பிடி உரிமைப் போராட்டங்களில் சேர்ந்தார். 1980-களில் ஆஸ்டின் திரும்பி ‘ரெசிஸ்டென்சியா’ என்று ஒரு சிறிய புத்தகக் கடை திறந்தார். புத்தகம் விற்றதைவிட அங்கே கூட்டம் நடந்தது அதிகம்: கவிதை வாசிப்பு, கைதிகளுக்கான கடிதப் போக்குவரத்து, அடுத்த ஊர்வலத்துக்கான அட்டை எழுதுதல். பள்ளிகளுக்கும் சிறார் காவல் இல்லங்களுக்கும் போய் எழுத்துப் பட்டறை நடத்தினார். ஜாஸ் இசையோடு சேர்த்துத் தன் கவிதைகளைச் சொல்லி ஒலித்தட்டுகளும் வெளியிட்டார். 2008-ல் இறந்தார். நீங்கள் பார்க்கப்போகும் கலைஞருக்கு ஒரு குலமுறை எழுதச் சொன்னால் நான் ஹிப்-ஹாப்பிலிருந்து தொடங்க மாட்டேன், இந்தக் கடையிலிருந்து தொடங்குவேன்.

ஹிப்-ஹாப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது எல்லோரும் அறிந்த கதை. 1973-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸில் கறுப்பின, கரீபிய, புவெர்ட்டோ ரிக்க இளைஞர்களிடையே பிறந்த கலை அது. மேற்குக் கரைக்குப் பின்னால்தான் வந்தது. இதைச் சிக்கானோ கலைஞர்கள் கறுப்பர்களிடமிருந்து பெற்றார்கள் என்பதில் ஐயமே இல்லை. நேர்மையானவர்கள் மேடையிலேயே அதைச் சொல்வார்கள். ஆனால் கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதை இல்லை என்பதற்கு ஓர் உதாரணம். ஹோசே ரமோன் திராதோ என்ற மெக்சிக மாட்டுச்சண்டை வீரரைப் போற்றி, ஜெரால்ட் வில்சன் என்ற கறுப்பின ஜாஸ் இசைஞர் ஒரு மெட்டு அமைத்தார். அதை 1970-ல் ‘எல் சிக்கானோ’ என்ற கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் குழு தன் பாணியில் வாசித்துப் புகழ்பெற்றது. 1990-ல் கிட் ஃப்ராஸ்ட் என்ற சிக்கானோ ராப்பர் அந்த ஒலிப்பதிவை அடியில் ஓடவிட்டு ஆங்கிலமும் ஸ்பானிஷும் கலந்து ராப் செய்தார். அந்த ஊர்ப் பையன்களின் பேச்சு ராப்பாக வானொலியில் ஒலித்தது.

அந்தப் பேச்சைப் பற்றி ஒரு கிளைக்கதை. ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டோடு ‘கலோ’ என்ற தெருமொழியும் கலந்து வரும். 1940-களில் அகலக் கால்சட்டை போட்டுச் சுற்றிய ‘பச்சூக்கோ’ இளைஞர்களின் மொழி அது. கலோ என்ற பெயரே ஸ்பெயின் நாட்டு ரோமாக்களின் மொழிக்குரிய பெயர். ரோமாக்கள் ஆயிரம் ஆண்டுக்கு முன் இந்தியாவிலிருந்து போனவர்கள். கலோ என்றால் கறுப்பு. லாஸ் ஏஞ்சலஸ் தெருவில் ஒருவன் இன்னொருவனை ‘சவாலோ’ என்று கூப்பிடும்போது, இந்தியாவிலிருந்து கிளம்பிய ஒரு சொல் ஸ்பெயின் வழியாக அங்கே வந்து நிற்கிறது. மகளிடம் சொல்லிப் பாருங்கள்.

சரி, இன்றைய வகைக் கலைஞர் உருவான காலத்துக்கு வருகிறேன். அது 1994. அந்த ஆண்டின் முதல் நாள் மெக்சிகோவின் சியாபாஸில் சபாட்டிஸ்டாக்கள் என்ற பூர்வகுடிக் கிளர்ச்சியாளர்கள் எழுந்தார்கள். நவம்பரில் கலிபோர்னியா வாக்காளர்கள், ஆவணமில்லாக் குடியேறிகளுக்குப் பள்ளிக்கூடமும் அவசரமல்லாத மருத்துவமும் மறுக்கும் 187-ஆம் முன்மொழிவை ஏறத்தாழ 59 சதவீத வாக்கில் ஏற்றார்கள். நீதிமன்றம் அதைத் தடுத்தது, ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை மாணவர்கள் பள்ளியை விட்டுத் தெருவுக்கு வந்துவிட்டார்கள். அந்தத் தெருவிலிருந்து கிளம்பியவை எத்தனையோ. சான் டியாகோவில் ‘டாக்கோ ஷாப் போயட்ஸ்’ என்று ஒரு குழு, கவிதைக்கு வராத மக்களிடம் கவிதையைக் கொண்டுபோகிறோம் என்று டாக்கோ என்ற மெக்சிக உணவு விற்கும் இரவு நேரக் கடைகளுக்குள் இசைக்கருவிகளோடு நுழைந்தது. இறைச்சி பொரியும் சத்தத்துக்கு மேல் குரல் எழுப்ப வேண்டியிருந்ததால் அவர்கள் நடையே உரத்த நடையானது. லாஸ் ஏஞ்சலஸில் சில ஆண்டு முன்பே தொடங்கியிருந்த ‘அஸ்த்லான் அண்டர்கிரவுண்ட்’ என்ற குழு ராப்போடு பூர்வகுடிப் பறைகளையும் குழலையும் சேர்த்தது. ‘ரேஜ் அகைன்ஸ்ட் த மெஷின்’ குழுவின் பாடகர் சாக் டி லா ரோச்சா முதலானோர் ஹைலண்ட் பார்க்கில் ஒரு மக்கள் கலைக்கூடம் நடத்தினார்கள். அதற்கு வைத்த பெயர் ‘ரெஹெனெரசியோன்’. மகோனின் பத்திரிகைப் பெயரேதான்.

இப்போது உங்கள் அந்த வரிக்கு வருகிறேன். ‘சமூகச் செயற்பாடு’ என்று இவர்கள் சொல்வது நடைமுறையில் என்ன? லூயிஸ் ஜே. ரோட்ரிகஸை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அவர் வேலை பொதுவெளியில் முழுதும் தெரிகிறது. சிறுவயதில் தெருக்கும்பலில் இருந்தவர், 1970 ஆகஸ்ட் பேரணியில் 16 வயதில் கைதானவர். சிகாகோவில் ஸ்லாம் கவிஞர்களோடு பழகியபோது 1989-ல் ஒரு சிறு கவிதைப் பதிப்பகம் தொடங்கினார். தன் கும்பல் வாழ்க்கையைப் பற்றி 1993-ல் வெளியிட்ட தன்வரலாறு எங்கள் நூலகத்தில் நாங்கள் ஓயாமல் திரும்ப வாங்கிய புத்தகம். எடுத்துப் போகும் பையன்கள் திருப்பித் தரவே மாட்டார்கள். அபராதம் போட எனக்கு மனம் வந்ததில்லை. 2001-ல் அவரும் மனைவி த்ரினியும் மைத்துனரும் சேர்ந்து சில்மார் என்ற பகுதியில் ‘தியா சுச்சா’ மையத்தைத் திறந்தார்கள். சுச்சா அத்தை என்று பொருள். எழுதவும் பாடவும் துணிந்த, குடும்பத்தில் கொஞ்சம் ‘ஒரு மாதிரி’ என்று பேசப்பட்ட அவருடைய அத்தையின் பெயர். அந்த வட்டாரத்தில் அப்போது ஏறத்தாழ ஐந்து லட்சம் பேருக்கு ஒரு புத்தகக் கடை கிடையாது. மையத்தில் புத்தகம், காப்பி, மைக், மெஷிக்கா நடனம், சிறுவர்களுக்குக் கிதார், எழுத்துப் பட்டறை எல்லாம் நடந்தன. வாடகை ஏறியபோது இடம் மாற்றினார்கள், மூடவில்லை. அவர் 2014 முதல் 2016 வரை லாஸ் ஏஞ்சலஸ் நகரின் அரசவைக் கவிஞர். அந்த 2014-லேயே மாநில ஆளுநர் பதவிக்கும் நின்று தோற்றார். மையம் லாபநோக்கற்ற அமைப்பு என்பதால் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கச் சட்டம் இடம் தராது. தேர்தல் வேலையை அவர் தனி ஆளாக, மையத்துக்கு வெளியே வைத்துத்தான் செய்ய முடியும்.

பட்டறை என்றால் என்ன நடக்கும் என்று பலர் கேட்பார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போடுவோம். ‘நான் எங்கிருந்து வருகிறேன்’ என்று தொடங்கிப் பத்து நிமிடம் எழுதச் சொல்வார்கள். ஊர்ப் பெயர் எழுதக் கூடாது; அம்மா சமைக்கும் வாசனை, வாசலில் நிற்கும் பழுதான கார், பாட்டி திட்டும் சொல் இதைத்தான் எழுத வேண்டும். பிறகு வாசிப்பு. யாரும் திருத்த மாட்டார்கள், பிடித்த வரிக்கு விரல் சொடுக்குவார்கள், அவ்வளவுதான். சிறார் காவல் இல்லத்தில் என்றால் பேனா கிடையாது. கோல்ஃப் ஆட்டத்தில் புள்ளி குறிக்கும் குட்டைப் பென்சில் தருவார்கள், முடிந்ததும் எண்ணி வாங்குவார்கள். ஒன்று குறைந்தால் அறை முழுக்கத் தேடும்வரை யாரும் நகர முடியாது. ஒருமுறை இப்படி நாற்பது நிமிடம் நின்றோம். கூட வந்திருந்த கலைஞர் அந்த நாற்பது நிமிடமும் பையன்களுக்குத் தாளம் தட்டி, ஒவ்வொருவராக வரி சேர்க்கவைத்து ஒரு பாட்டு கட்டிவிட்டார். பென்சில் ஒருவன் காலுறையில் கிடைத்தது. எழுதுவதற்காகத்தான் எடுத்தேன் என்றான்; அதை நான் நம்பினேன், காவலர் நம்பவில்லை.

இவர்களின் வருமானம் உங்கள் மகளின் கல்லூரி தரும் மாதிரியான நிகழ்ச்சிக் கட்டணம், பள்ளிப் பட்டறைகள், கலை மன்ற நல்கைகள், சிலருக்குக் கல்லூரியில் பகுதிநேர ஆசிரியப் பணி. கலிபோர்னியா சிறைகளில் கலை கற்பிக்கும் அரசுத் திட்டம் 1980-ல் தொடங்கியது. பணப் பற்றாக்குறையில் 2010-ல் நின்றது. சில ஆண்டு கழித்து மீண்டும் வந்தது. அந்த இடைவெளியில் எனக்குத் தெரிந்த இருவர் சம்பளமில்லாமலே போய்க்கொண்டிருந்தார்கள், மூன்றாமவர் வீடு விற்பனைத் தரகராகிவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

இந்தக் கவிதைகளால் என்ன மாறியது என்று கேட்டால், இங்கேதான் கவனமாகப் பேச வேண்டும். 2006 மார்ச் 25-ல் குடியேறிகளைக் குற்றவாளிகளாக்கும் மசோதாவுக்கு எதிராக லாஸ் ஏஞ்சலஸில் போலீஸ் கணக்கிலேயே ஐந்து லட்சம் பேர் நடந்தார்கள். மசோதா சட்டமாகவில்லை. “எங்கள் வரிகள்தான் மக்களைத் திரட்டின” என்று கலைஞர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கவிஞர்கள் அங்கே இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தைத் திரட்டியவர்கள் ஸ்பானிஷ் வானொலியின் காலை நேர நகைச்சுவை அறிவிப்பாளர்கள், தொழிற்சங்கங்கள், கத்தோலிக்கத் திருச்சபை. வெள்ளைச் சட்டை போட்டு வாருங்கள், கொடி எடுத்து வாருங்கள் என்று வானொலியில் வாரக்கணக்கில் சொன்னதை எந்தக் கவிதையும் மிஞ்சியிருக்காது.

மறுபக்கம், அரிசோனாவின் டூசான் நகரப் பள்ளிகளில் மெக்சிகன் அமெரிக்க வரலாறும் இலக்கியமும் கற்பித்த திட்டத்தைப் பாருங்கள். மாநிலம் 2010-ல் சட்டம் போட்டது. 2012 ஜனவரியில் வகுப்புகள் நின்றன, புத்தகங்கள் வகுப்பறைகளிலிருந்து எடுக்கப்பட்டன. அந்தப் பாடங்களை எடுத்த மாணவர்கள் பள்ளிப் படிப்பை முடித்த விகிதம் அதிகம் என்று பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் காட்டினார்கள். தடையின் பின்னால் இனக் காழ்ப்பு இருந்தது என்று 2017-ல் மத்திய நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். ஹூஸ்டனிலிருந்து எழுத்தாளர்கள் ஒரு பேருந்தில், தடைபட்ட புத்தகங்களை ‘கடத்திக்கொண்டு’ டூசான் வரை போனதும் நடந்தது. தன் கதையைப் பாடமாகப் படிக்கும் பிள்ளை பள்ளியில் தங்குகிறது என்பதற்கு இது உறுதியான சான்று. ஒரு மாலை நிகழ்ச்சியும் அதையே செய்யும் என்பதற்கு இது சான்றாகாது. கலைஞர்கள் இரண்டையும் குழப்பிப் பேசினால் நீங்கள் குழம்ப வேண்டாம்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இந்த மரபில் மேடை நெடுங்காலம் ஆண்களுடையதாகவே இருந்தது. பெண்கள் சமையலறையிலும் தட்டச்சுப் பொறியிலும் இருந்தார்கள். அதைச் சிக்கானா பெண்ணியவாதிகளும் தன்பால் ஈர்ப்புள்ள எழுத்தாளர்களும் 1980-களிலேயே எழுத்தில் உடைத்தார்கள். இன்று நல்ல நிகழ்ச்சிகளில் பாதிக்கு மேல் அவர்கள் குரல்தான். இன்னொன்று, அஸ்டெக் பெருமை. தென்மேற்கு அமெரிக்கா முழுவதும் ‘அஸ்த்லான்’ என்ற எங்கள் பூர்வ பூமி என்று மேடையில் பாடுவார்கள். ஆனால் லாஸ் ஏஞ்சலஸ் டோங்வா மக்களின் மண், தெற்கு அரிசோனா டோஹோனோ ஓதாம் மக்களின் மண். அவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இப்போது பல கலைஞர்கள் நிகழ்ச்சியைத் தொடங்கும்போதே அந்த மண்ணின் மக்கள் பெயரைச் சொல்லி வணங்கித் தொடங்குகிறார்கள். சிலர் இன்னும் பழைய பாட்டையே பாடுகிறார்கள்.

ஆக, உங்கள் ஊருக்கு வருகிறவர் விளம்பரத்துக்காகப் போட்டுக்கொண்டவரா என்பதை அவரை அறியாத நான் சொல்ல முடியாது. நூலகத்தில் ஆள் தேர்ந்தெடுக்க நான் வைத்திருந்த ஒரு கேள்வியைத் தருகிறேன்: “மேடை இல்லாத செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீங்கள் எங்கே இருப்பீர்கள்?” உண்மையாக வேலை செய்கிறவர் உடனே ஓர் இடத்தைச் சொல்வார், அந்த இடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்து. மற்றவர் ‘விழிப்புணர்வு’ என்று தொடங்குவார். நிகழ்ச்சிக்குப் பின் கேள்வி நேரம் இருக்கும், மகளையே கேட்கச் சொல்லுங்கள்.

பையனைத் தாராளமாகக் கூட்டிப் போகலாம். கெட்ட வார்த்தை ஒன்றிரண்டு வரலாம், ஆங்கிலத்தில் வந்தால் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்ததாகத்தான் இருக்கும். போலீஸ், சிறை, நாடு கடத்தல் பற்றிய கதைகள்தான் அவனை அதிகம் தொந்தரவு செய்யக்கூடும். காரில் திரும்பும்போது கேட்பான், தயாராக இருங்கள். கல்லூரி என்பதால் ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே விசாரித்தால் நேராகச் சொல்வார்கள். முடிவில் பெரும்பாலும் ஒரு கைதட்டல் வரும்: மிக மெதுவாக, இதயத் துடிப்பு போலத் தொடங்கி, வேகம் கூடிக் கூடிக் கடைசியில் மழைபோல் கொட்டும். ஸ்பானிஷ் தெரியாத பிலிப்பினோக்களும் தகாலோக் தெரியாத மெக்சிகர்களும் டெலானோ வயல்களில் நாள் முடிவில் ஒருவருக்கொருவர் இப்படித்தான் ‘நாங்களும் இருக்கிறோம்’ என்று சொல்லிக்கொண்டார்கள் என்பது இயக்கத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. தாளம் எங்கே ஏறும் என்று யாரும் அறிவிக்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் கையைப் பார்த்துத் தட்டுங்கள், பையன் உங்களுக்கு முன்னாலேயே பிடித்துக்கொள்வான்.